கடித்தவள்

மந்தாரோ பள்ளத்தாக்கில் ஜூன் மாதம்
புல்நுனியில் பனி உறைந்து கிடக்கும்.
வெயில் ஏறாமல் அறுக்கக் கூடாது.
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
அன்று பேருந்து ஆறு மணிக்கு.
ஈரக் குதிரைமசாலை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதனால்தானா என்று கேட்காதீர்கள்.
தீவனச் சாக்கில் எலிப் புழுக்கையும் கிடந்தது.
முந்தின ஞாயிறு சந்தையில் வாங்கிய சிவப்பு ஆணும்
வந்த நாளிலிருந்தே சோர்ந்துதான் இருந்தது.

என் செருப்புச் சத்தம் கேட்டாலே
கூய் கூய் என்று கொட்டகையைத் தூக்கிவிடும்
நூற்றுப் பத்து வாய்கள்.
திரும்பி வந்தபோது பாதி வாய்கள்தான் கத்தின.
மூன்றாம் பட்டியில்
மயிர் சிலிர்த்து, முதுகு கூனி,
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.
வாலில்லாத பின்புறமெல்லாம் பச்சை ஈரம்.
சினையாய் இருந்தவை அன்றிரவே ஈன்றன:
மயிர் உண்டு, பல் உண்டு, கண்ணும் திறந்திருக்கிறது,
மூச்சுதான் இல்லை.

கழிச்சல்.
சுரங்கத்திலிருந்து ருஃபீனோ போனில் கேட்டான்,
"சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு எண்பது உருப்படி,
எலியோதோரோவிடம் முன்பணம் வாங்கினாயே, நினைவிருக்கிறதா?"
நினைவிருந்தது.
அந்தப் பணம் அதற்குள்
மகளின் செவிலியர் பள்ளி ரசீதாக மாறியிருந்தது.

அலமாரியில்
பையனின் தொண்டைப் புண்ணுக்கு வாங்கிய அமாக்சிசிலின்,
பாட்டிலில் பாதி இருந்தது.
ஸ்ட்ராபெர்ரி வாசனை.
ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி
ஒவ்வொன்றாய் மடியில் வைத்துக் கடைவாயில் ஊற்றினேன்.
நோயுற்றதற்கு ஊற்றினேன்.
வருமுன் காப்போம் என்று
நன்றாயிருந்ததற்கும் ஊற்றினேன்.
காது கிழிந்த ஒருத்தி மட்டும்
கட்டைவிரலை எலும்புவரை கடித்தாள்.
"செத்துத் தொலை" என்று அவளைப் பட்டியில் எறிந்தேன்.

மூன்றாம் நாள்
நன்றாயிருந்தவை சாகத் தொடங்கின.

ஹௌஹாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாள்
கால்நடை மருத்துவர் தெயானிரா போமா.
என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
சாக்கை விரித்து, ஒன்றை மல்லாத்தி,
வயிற்றைக் கீறினாள்.
ஈரலில் வெள்ளைப் பொட்டுகள்.
"இது நோய்."
அடுத்ததைக் கீறினாள்.
ஈரல் பழுதில்லை; பெருங்குடல் மட்டும் ஊதி,
ரத்தம் கட்டி, தண்ணீராய்க் கொட்டியது.
"இதற்கு என்ன கொடுத்தீர்கள்?"
பாட்டிலைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"அக்கா, நீங்கள் வளர்ப்பது நூற்றுப் பத்து.
இந்த ஒவ்வொன்றும் தன் வயிற்றில் வளர்ப்பது கோடி.
புல்லைச் செரிக்க வைப்பது அந்தக் கூட்டம்தான்.
உங்கள் மருந்து முதலில் அதைக் கொன்றது.
காலியான பட்டியில் வேறொன்று குடியேறியது."
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

குழி வெட்டி எரித்தோம்.
சுவர், தரை, தண்ணீர்த் தொட்டி எங்கும் சுண்ணாம்பு.
என் ரொட்டி மாவில்கூட ஒரு வாரம் சுண்ணாம்பு வாடை.
கல்யாணத்தில் கோழி போட்டார்களாம்.
மணப்பெண்ணின் தாய் தேவாலயத்தில் என்னைக் கண்டால்
பெஞ்சு மாறி உட்காருகிறாள்.
எலியோதோரோ முன்பணத்துக்குத் தவணை சொல்லியிருக்கிறான்,
மாதம் நூறு சோல்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று.
கடித்தவள்.

அவளைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போனாள் தெயானிரா,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே:
"பிழைத்தது கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும்.
பார்க்க நன்றாயிருக்கும்.
புதுக் குட்டிகள் வாங்குமுன் இதை முடித்துவிடுங்கள்.
சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்."

முற்றத்தில் இடிந்த அடுப்புக்குள் பெட்டி வைத்திருக்கிறேன்.
நடுப்பகல் தாண்டி, புல்லை உலர்த்தி, உதறிப் போடுகிறேன்.
கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.
தழும்பில் நுரை தங்குகிறது.

புதுக் குட்டிகளுக்குச் சொல்லி வைத்து
இரண்டு மாதம் ஆகிறது.
விற்பவன் கேட்கிறான், கொட்டகை தயாரா?
நாளை என்கிறேன்.
சாக்கு சரசரத்ததும்
அடுப்புக்குள்ளிருந்து
கூய் என்று ஒரு குரல்.
நேற்றும் அவனிடம் நாளை என்றுதான் சொன்னேன்.